வில்லும் ஒரு கமானிதான்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து மைதானத்தில் குழந்தைகளுக்காக வில்-அம்பு விளையாட்டு ஒன்று வைத்திருந்தோம். அன்று முதல் அன்பர்கள் பலர் கடைத்தெருவில் பார்த்தாலும், கோயிலில் பார்த்தாலும் அதைப் பற்றியே கேட்கிறார்கள். அந்த வில் எங்கே கிடைக்கும், வீட்டில் வைத்துப் பழகலாமா, எந்த வயதில் தொடங்கலாம் என்பவை அவர்கள் கேள்விகள். நின்றபடியே பதில் சொல்லி முடிகிற விஷயம் அல்ல இது. ஆசிரியர் குழுவும் ஒரு கட்டுரையாக எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டது. ஆகவே எனக்குத் தெரிந்தவரை இங்கே எழுதுகிறேன்.

ரயில்வேயில் கேரேஜ் அண்டு வாகன் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு வில்லோடு என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சரக்கு வாகன்களின் அடியில் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங் ஒன்று உண்டு. டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த நாளில் அதை நான் 'லாமினேட்டட் ஸ்பிரிங்' என்றுதான் படித்திருந்தேன். இங்குள்ள பணிமனைத் தொழிலாளிகள் அதைக் 'கமானி' என்றார்கள். கமான் என்றால் இந்தியில் வில். வில்லைப் போல் வளைந்து, பாரத்தை வாங்கி, மீண்டும் நிமிர்வதால் கமானி. அப்படியானால் வில் என்பதும் ஒரு ஸ்பிரிங்தானே! ஓய்வு பெற்ற பிறகு ஒரு வில்லைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு அது புதிய பொருளாகவே தோன்றவில்லை.

நாங்கள் பழகுவது 'ரீகர்வ்' எனப்படும் எதிர்வளைவு வில். அதிலும் பழைய மரபைச் சேர்ந்த வகை. ஒலிம்பிக் போட்டிகளில் தொலைக்காட்சியில் காண்பதும் ரீகர்வ்தான். ஆனால் அதில் குறிபார்க்கும் கருவி, ஆடாமல் நிறுத்தும் நீண்ட கம்பிகள், இழுப்பு முடிந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் தகடு எல்லாம் உண்டு. 'காம்பவுண்ட்' வில்லில் இரு முனையிலும் கப்பிகள் இருக்கும். எங்கள் வில்லில் இவை ஒன்றும் கிடையாது. நடுவே மரத்தால் ஆன பிடிக்கட்டை, மேலும் கீழும் இரண்டு கைகள், ஒரு நாண். அவ்வளவுதான். கண்ணும் கையும் செய்ய வேண்டிய வேலையை வேறெதுவும் செய்து தராது. குடும்பத்தோடு பழக இதுவே ஏற்றது என்பது என் கருத்து. திருகித் திருத்தும் சமாச்சாரங்கள் இருந்தால் என் போன்ற பொறியியல்காரன் அதிலேயே உட்கார்ந்துவிடுவான். பிள்ளைகள் சலித்துப்போய் எழுந்து போய்விடுவார்கள்.

எதிர்வளைவு என்பது என்ன? சாதாரண மூங்கில் வில்லை நாண் பூட்டிப் பார்த்தால் பிறைபோல் ஒரே வளைவாக இருக்கும். ரீகர்வ் வில்லில் கைகளின் நுனிகள் மட்டும் எய்பவரை விட்டு விலகி, முன்பக்கமாகச் சுருண்டிருக்கும். நாண் பூட்டியதும் அது அந்த நுனிகளின் மேல் சற்று தூரம் படிந்து கிடக்கும். இழுக்கத் தொடங்கினால் நாண் அந்த வளைவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழும். நாணின் நீளமே கூடிக்கொண்டு போவதற்குச் சமம் இது. விளைவு இரண்டு. தொடக்கத்திலேயே இழுப்பு நன்றாகக் கனக்கும். கடைசி இரண்டு அங்குலத்தில் திடீரென்று கல்லாகக் கெட்டிப்படாது. ஒரே கனமுள்ள நேர்வில்லைவிட இதில் சேமிக்கப்படும் ஆற்றல் அதிகம். நீளத்தையும் குறைத்துக்கொள்ளலாம். குதிரை மேலிருந்து எய்த மக்கள் பலர் இவ்வகை வில்லை விரும்பியது இதனால்தான்.

பழைய எதிர்வளைவு விற்களை ஒற்றை மரத்தில் செய்யவில்லை. வளையும் எந்தப் பட்டைக்கும் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நசுங்கும் என்பது டிப்ளமோ முதலாண்டுப் பாடம். அந்தப் பாடத்தைப் படிக்காமலே அந்தக் காலத்து வில் செய்வோர் இழுபடும் வெளிப்பக்கத்தில் விலங்கின் தசைநாரையும், நசுங்கும் உட்பக்கத்தில் கொம்பையும், நடுவே மரத்தையும் வைத்து ஒட்டினார்கள். முகலாயர் காலத்து விற்கள் இப்படிப்பட்டவை. 1922-இல் திறக்கப்பட்ட எகிப்திய மன்னன் துட்டன்காமன் கல்லறையிலும் இத்தகைய கூட்டு விற்கள் கிடைத்தன. இன்று தசைநாருக்கும் கொம்புக்கும் பதிலாக இரு பக்கமும் கண்ணாடி இழைப் பட்டை, நடுவே மேப்பிள் போன்ற மரத்தின் மெல்லிய ஏடுகள். கொள்கை அதே கொள்கை.

இப்போது ஒரு சிறு கணக்கு. கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். ஆனால் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவசியம் படிக்க வேண்டும். எங்கள் வில் 24 பவுண்டு, அதாவது முழு இழுப்பில் விரல்களில் ஏறக்குறைய 11 கிலோ பாரம். நியூட்டனில் 107. நாண் பின்னோக்கி நகரும் தூரம் சுமார் 46 சென்டிமீட்டர். விசை சுழியிலிருந்து சீராக ஏறுவதாகக் கொண்டால், பாதி விசை பெருக்கல் தூரம்: ஏறத்தாழ 25 ஜூல். இதில் மூன்றில் இரண்டு பங்கு அம்புக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். 20 கிராம் அம்பு அப்போது விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் கிளம்பும். மணிக்கு 144 கிலோமீட்டர்! ராஜதானி எக்ஸ்பிரசுக்குப் பல காலம் அனுமதிக்கப்பட்டிருந்த உச்ச வேகமே 130 தான். இது பழகுவோருக்கான மெல்லிய வில்லின் கணக்கு. எனவே 'பிள்ளைகள் விளையாட்டுதானே' என்று யாரும் அலட்சியமாக எண்ணிவிட வேண்டாம். இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் விளங்கும். அம்பு பூட்டாமல் நாணை இழுத்து வெறுமனே விட்டால் அந்த 25 ஜூலை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அது வில்லின் மேலேயே பாயும். கைகள் பிளந்துபோகும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் முதலில் செய்யப் பார்ப்பது இதைத்தான். வில்லைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் ரயில்வே எனக்கு ஒரு நல்ல பாடம் கற்றுத் தந்திருக்கிறது. ஒரு பிளாக் செக்‌ஷனில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். முன் வண்டி அடுத்த நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்து, லைன் கிளியர் வந்த பிறகே அடுத்த வண்டி. எங்கள் மைதானத்திலும் அதே சட்டம். எய்யும் கோட்டுக்கும் இலக்குக்கும் நடுவே உள்ளது பிளாக் செக்‌ஷன். அதில் அம்பு போகலாம், அல்லது மனிதர் போகலாம். இரண்டும் சேர்ந்து ஒருபோதும் கூடாது. எல்லா விற்களும் தரையில் வைக்கப்பட்ட பிறகு விசில் ஊதப்படும். அதற்குப் பிறகுதான் கோட்டைத் தாண்டலாம். விசில் என் பேரனிடம். அவனுக்குப் பதின்மூன்று வயது. தாத்தாவாக இருந்தாலும் முன்னதாகக் காலை எடுத்து வைத்தால் சத்தம் போடுவான். போட வேண்டும்.

அம்பை எடுக்க ஓடக் கூடாது, நடக்க வேண்டும். குத்தி நிற்கும் அம்பின் பின்முனை கண் உயரத்தில் இருக்கும். பிடுங்கும்போது ஒரு கையால் இலக்கை அழுத்திக்கொண்டு, மறு கையால் அம்பை இலக்கை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். பின்னால் யாரும் நிற்கக் கூடாது. எய்வதற்கு முன் ஒவ்வோர் அம்பையும் லேசாக வளைத்துப் பார்த்து, விரிசல் இருந்தால் அங்கேயே உடைத்துப் போட்டுவிடுங்கள். இலக்குக்குப் பின்னால் மண்மேடோ உயர்ந்த வெறுஞ்சுவரோ இருப்பது நல்லது. வேலி போதாது, செடி போதாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். காக்கை, புறா மேல் குறி வைக்கும் ஆசை பையன்களுக்கு வரும். அதை முளையிலேயே கிள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது என்பது ஒரு புறம். நாம் கற்பது வேட்டை அல்ல என்பது முதற்காரணம்.

இனி, வில் வாங்குவது பற்றி. வில்லின் கையில் '24 பவுண்டு, 28 அங்குலம்' என்பதுபோல் எழுதியிருக்கும். 28 அங்குலம் இழுத்தால் 24 பவுண்டு என்று பொருள். எல்லோரும் 28 அங்குலம் இழுப்பதில்லை. இரு கைகளையும் சிலுவைபோல் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்து, இரண்டரையால் வகுத்தால் ஒருவருடைய இழுப்பு நீளம் ஏறத்தாழக் கிடைக்கும். எனக்கு 67 அங்குலம். இழுப்பு 27-க்குச் சற்றுக் கீழே. என் மனைவிக்கு 25. இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் ஒன்றரை முதல் இரண்டு பவுண்டு வரை கனம் குறையும். ஆகவே ஒரே வில் எனக்கு ஒரு கனம், அவளுக்கு வேறு கனம். பெரியவர்கள் 20 முதல் 26 பவுண்டுக்குள் தொடங்கலாம். சிறுவர்களுக்கு 10 முதல் 14 போதும். ஆண்பிள்ளை என்ற வீறாப்பில் நாற்பது பவுண்டு வாங்குவோர் உண்டு. அவர்கள் எய்வதில்லை, வில்லோடு மல்லுக்கட்டுகிறார்கள். தோள்பட்டை வலியோடு இரண்டாம் மாதம் வில் பரண்மேல் ஏறும். இழுத்த நிலையில் பத்து விநாடி நடுங்காமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது உங்கள் வில் அல்ல.

கைகளைக் கழற்றி மாட்டக்கூடிய மூன்று துண்டு வில்லாக வாங்கினால் குடும்பத்துக்குச் சிக்கனம். பிடிக்கட்டை ஒன்று, கைகள் மட்டும் இரண்டு ஜோடி. பிள்ளை வளர வளரக் கைகளை மட்டும் மாற்றலாம். விலை நிலவரம் எழுதவில்லை. மாதத்துக்கு மாதம் மாறுகிறது. தபாலில் வரவழைத்தால் பெட்டியைத் திறந்ததும் நாண் பூட்டி, வில்லின் நீளவாட்டில் பாருங்கள். நாண் இரு கைகளின் நடுக்கோட்டிலும் ஓட வேண்டும். எங்களுக்கு வந்த முதல் வில்லின் கீழ்க்கை ஒரு பக்கமாக முறுக்கியிருந்தது. திருப்பி அனுப்பி மாற்றிக்கொண்டோம். தண்டவாளத்தை ஒரு கண்ணை மூடி நெடுக நோட்டம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமில்லை.

எந்தக் கையால் இழுப்பது என்பதைக் கை மட்டும் முடிவு செய்வதில்லை. கண்ணும் முடிவு செய்கிறது. இரு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவே ஒரு சிறு முக்கோணத் துளை விட்டு, அதன் வழியே தூரத்து விளக்குக் கம்பம் ஒன்றைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கையில் கம்பம் துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே ஆளும் கண். வலக்கண் ஆண்டால் வலக்கையால் நாணை இழுக்க வேண்டும். என் பேரன் எழுதுவது வலக்கையால், ஆளும் கண்ணோ இடது. இடக்கை வில் வாங்கிக் கொடுத்தோம். ஒரு வாரம் திணறினான், பிறகு பழகிவிட்டது.

அம்பு வாங்குவதில்தான் நுட்பம் அதிகம். நாணை விட்ட கணத்தில் அம்பின் வால் பலமாகத் தள்ளப்படுகிறது. தலையோ கனத்தால் பின்தங்குகிறது. இடையில் தண்டு வில்லாக வளைகிறது. வளைந்து, பிடிக்கட்டையைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் வளைந்து, இப்படி நெளிந்து நெளிந்துதான் இலக்கை நோக்கிப் போகிறது. கட்டையின் பக்கவாட்டில் வைக்கப்பட்ட அம்பு நியாயமாக ஒரு பக்கம் விலகிப் போக வேண்டும். ஆனால் நேரே போகிறது. இதை வில்லாளியின் முரண் என்பார்கள். 1930-களில் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அதிவேகப் படங்கள் எடுத்து இந்த நெளிவைக் கண்ணுக்குக் காட்டினார். ஆகையால் அம்பின் விறைப்பு வில்லின் கனத்துக்குப் பொருந்த வேண்டும். அதிக விறைப்பானால் வலக்கைக்காரருக்கு அம்பு இடப்பக்கம் போகும்; துவண்டால் வலப்பக்கம். 'என் கை சரியில்லை' என்று நொந்துகொள்பவர்களில் பாதிப்பேருக்கு அம்புதான் சரியில்லை. எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி அம்புகள், அடையாளத்துக்கு இறகின் நிறம் வேறு. வில்லின் மேலேயே உரசிப் போகிற இவ்வகை எய்தலுக்கு வான்கோழி இறகே நல்லது. அது மடங்கிக் கொடுத்துவிட்டு மீண்டும் நிமிரும். பிளாஸ்டிக் இறகு கட்டையில் மோதி அம்பை உதைத்துவிடும்.

இலக்குக்குச் செலவே வேண்டாம். பழந்துணியும் பாலிதீன் உறைகளும் நெருக்கித் திணித்த கோணிச் சாக்கு போதும். பித்தானும் ஜிப்பும் கத்தரித்து எடுத்துவிட வேண்டும். முதல் மாதம் அதில் வட்டம் வரையாதீர்கள். ஐந்து மீட்டரில் நின்று வெறும் சாக்கில் எய்து பழகுவதே சரியான வழி. வட்டத்தைப் பார்த்தால் மனசு மதிப்பெண்ணுக்குப் போய்விடும். தோளும் முழங்கையும் என்ன செய்கின்றன என்பது மறந்துவிடும்.

எய்யும் முறை: கோட்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு கால், இலக்குக்குத் தோள் காட்டி நிற்க வேண்டும். வில்லை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கட்டைவிரலின் அடிமேட்டில் அது சாய்ந்திருந்தால் போதும். ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே, நடு விரலும் மோதிர விரலும் கீழே. விரல் மடிப்பில் நாணை மாட்டி, கையால் அல்ல, முதுகால் இழுக்க வேண்டும். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்குவது தெரியும். ஆள்காட்டி விரல் நுனி கடைவாயைத் தொட்டதும் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடம். ஓர் அங்குலம் முன்பின் ஆனால் அம்பின் வேகமே வேறாகிவிடும். பிறகு விடுதல். இதைச் சொல்லிக் கொடுக்க நான் படாத பாடு பட்டேன். 'விரலைத் திற' என்றால் எல்லோரும் விரலைத் தெறித்தார்கள், அம்பு கோணிற்று. என் மனைவிதான் பேரனிடம், "ஊஞ்சலைத் தள்ளிவிட்டுக் கையை எடுக்கிறோமே, எப்ப எடுத்தோம்னு தெரியுமா? அது மாதிரிடா" என்றாள். அன்றோடு அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. எங்கள் வீட்டில் இன்றும் நல்ல குறி அவளுடையதுதான். விசையைப் பற்றி அவளுக்கு ஒரு சூத்திரமும் தெரியாது.

கட்டைவிரலுக்கு இம்முறையில் வேலையே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? முகலாயரும் துருக்கியரும் மங்கோலியரும் கட்டைவிரலில் வளையம் மாட்டி அதனால் நாணை இழுத்தார்கள். இரண்டும் வேறு வேறு மரபு. ஏகலைவன் கதையைக் கேட்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்த நினைவு வருகிறது. நம் ஜார்க்கண்டின் ஆதிவாசி வில்லாளர் பலர் கட்டைவிரலைத் தொடாமலே எய்கிறார்கள். காரணம் கேட்டால் அவன் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

குறி பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கருவி இல்லாமல் எப்படிக் குறி பார்ப்பது என்பார்கள். பந்து எறிகிற பையன் எதை வைத்துப் பார்க்கிறான்? இலக்கின் ஒரு புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். மீதியை உடம்பு கற்றுக்கொள்ளும். ஆனாலும் கணக்கு தெரிந்திருப்பது உதவும். விநாடிக்கு 40 மீட்டர் போகும் அம்பு 10 மீட்டர் தூரத்துக்குள் 31 சென்டிமீட்டர் தாழும். 20 மீட்டரில் தாழ்வு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு: 123 சென்டிமீட்டர். ஒரே நாளில் தூரத்தை இரட்டிப்பாக்கிவிட்டு, அம்பெல்லாம் மண்ணில் போகிறதே என்று வருந்துவதில் பயனில்லை. புதியவரைக் குழப்பும் இன்னொன்று: 10 மீட்டரில் நின்று சரியாக எய்யும்போது அம்பின் முனை இலக்குக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே தெரியும். கண் அம்பின் வாலுக்கு மேலே இருப்பதால் வரும் தோற்றம் இது. முனையை இலக்கின் மேல் வைத்து விட்டால் அம்பு சுவரைத் தாண்டும்.

குடும்பப் பொழுதுபோக்கு என்று இதை ஏன் சொல்கிறேன்? கிரிக்கெட்டில் தாத்தா நடுவராக நிற்கலாம், சதுரங்கத்தில் இருவர்தான். வில்லில் அறுபத்தைந்து வயதும் பதின்மூன்று வயதும் ஒரே கோட்டில், அவரவர் கனத்தில், அவரவர் தூரத்தில் நிற்கலாம். எவரும் எவரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை. என் மகன் வளர்ந்த காலத்தில் விபத்து நிவாரண ரயிலின் சைரன் ஊதினால் நான் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து போகிற உத்தியோகத்தில் இருந்தேன். அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து பேசிப் பழகாத வீடு அது. இப்போது ஞாயிறு காலையில் அவனும் வந்து பக்கத்தில் நிற்கிறான். ஆறு அம்பு எய்து, நடந்து போய்ப் பிடுங்கி, திரும்பி வருவோம். அந்த நடையில் அலுவலகம், வீட்டுக் கடன், வயிற்று எரிச்சல் என்று ஏதாவது சொல்வான். எதிரெதிரே உட்கார்ந்தால் சொல்லமாட்டான்.

பேரன் விஷயம் வேறு. நாம் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்லும் பிள்ளைகள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு, அவனும் அப்படித்தான். மைதானத்தில் கட்டளை எல்லாம் தமிழில் என்று முதல் நாளே வைத்துவிட்டேன். நில், பூட்டு, இழு, விடு. நான்கு சொல். பிறகு பொருள்களின் பெயர் வேண்டியிருந்தது. நாணின் கண்ணி மாட்டும் வில்நுனி வெட்டுக்குக் குதை. முன்கையில் நாண் அடிக்காமல் கட்டும் தோலுக்குக் கோதை என்றொரு பழஞ்சொல் இருக்கிறது. அம்பு வைக்கும் கூடு அம்பறாத்தூணி. அம்பு அறாத, அதாவது தீராத தூணி என்று விளக்கியதும் அவனுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் தூணியில் எப்போதும் ஆறுதான் என்று சிரித்தான். ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு பேசும் கொல்லிமலை வல்வில் ஓரியின் கதையைச் சொன்னேன். உடனே, "தாத்தா, அதுக்கு எத்தனை ஜூல் வேணும்?" என்றான். தமிழில் கேட்டான்!

ஒரு நோட்டில் அவன் தமிழில் கணக்கு எழுதுகிறான்: தேதி, தூரம், காற்று, எத்தனை பட்டது. முதல் பக்கத்தில் '6 அன்பு விட்டேன், 4 அன்பு பட்டது' என்று எழுதியிருந்தான். திருத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள் அவன் பாட்டி. நான் திருத்தினேன். நன்னடத்தைக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மகரத்துக்கும் னகரத்துக்கும் இந்த ஊரில் என்னை விட்டால் யார்? வரும் ஜூனில் அவன் விடுதிப் பள்ளிக்குப் போகிறான். நோட்டை எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.

ஜார்க்கண்டில் வாழும் நமக்கு இந்தக் கலை வெளியிலிருந்து வந்ததல்ல. 1855-இல் சித்து, கானு சகோதரர்கள் தலைமையில் சந்தால் மக்கள் கம்பெனி ஆட்சியை எதிர்த்து எழுந்தபோது கையில் இருந்தது வில்தான். ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆர்ச்சரி அகாடமி 1996-இல் தொடங்கியது. ராஞ்சிப் பக்கத்துப் பெண்ணான தீபிகா குமாரி அங்கே பயின்று, 2010 டில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் அரியானாவின் ஹர்விந்தர் சிங் வென்ற தங்கமும் ரீகர்வ் வில்லில்தான். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஹோ இனத்து நண்பர் ஒருவர் சில ஞாயிறுகளில் எங்களோடு வருவார். அவர் வில் மூங்கில்; நாணும் மூங்கில் பட்டையே. எங்கள் வில்லை வாங்கி இழுத்துப் பார்த்து, "நல்ல வில். ஆனால் உடைந்தால் நீங்கள் கடைக்குப் போக வேண்டும், நான் தோப்புக்குப் போனால் போதும்" என்றார். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. மூங்கில் வில்லுக்கென்றே நம் நாட்டுப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்டு' என்ற பிரிவும் இருக்கிறது. செலவுக்குத் தயங்குபவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

கடைசியாகப் பராமரிப்பு. எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள். பூட்டவும் கழற்றவும் அதற்கென்று உள்ள கயிற்றையே பயன்படுத்த வேண்டும். காலுக்கு நடுவே வைத்து வளைத்தால் கைகள் முறுக்கிக்கொள்ளும். நாணுக்கும் பிடிக்கட்டைக்கும் இடைவெளி எட்டு அங்குலம் அளவில் ஒரே சீராக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். குறைந்தால் நாணைச் சில சுற்று முறுக்கினால் போதும். நாணுக்கு மெழுகு தடவுங்கள். வில்லை மூலையில் சாய்த்து வைக்காமல், சுவரில் இரண்டு முளை அடித்துப் படுக்கையாக வையுங்கள். மே மாதத்து வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போனால் பசை இளகி ஏடுகள் பிரிந்துவிடும்.

ஞாயிறுதோறும் காலை ஆறரை மணி முதல் எட்டு வரை சங்கத்து மைதானத்தில் இருப்போம். சிறுவர்களுக்கு ஏற்ற வில் ஒன்று உபரியாக இருக்கிறது. வருபவர்கள் செருப்பு வேண்டாம், ஷூ அணிந்து வரவும். புல்லுக்குள் படுத்துவிட்ட அம்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.